பனிமூட்டத்தில் சயனைடு மேடு

கேள்வி: ஐயா, பிறந்து வளர்ந்தது கே.ஜி.எஃப். (கோலார் தங்கவயல்), மாரிக்குப்பம் பக்கம். இப்போது பங்காரப்பேட்டையில் வேலை. தாத்தாவும் அப்பாவும் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர்கள். மார்கழி, தை மாதக் காலைகளில் பனிமூட்டத்துக்குள் நிற்கும் சயனைடு மேடுகளைப் படம் எடுத்து வருகிறேன். நேரில் பார்க்க மனசு நிறைகிறது. படத்திலோ எல்லாம் மங்கிய சாம்பலாக விழுகிறது. எடிட்டிங்கில் ‘டீஹேஸ்’ ஏற்றினால் மேடு தெரிகிறது, பனி காணாமல் போகிறது. ஒரு படத்தில் சிவப்பைக் கூட்டி, ‘பனியில் மணற்பாறைக் குன்றுகள்’ என்று தலைப்பு வைத்தேன். நண்பர்கள் பாராட்டினார்கள். அப்பா மட்டும், “இது நம்ம மேடு மாதிரியே இல்லியேப்பா” என்றார். எப்படி எடுக்க வேண்டும், எப்படித் திருத்த வேண்டும்? நல்லதாக ஒரு படத்தைப் பெரிதாக அச்சடித்து வீட்டில் மாட்ட ஆசை.

பதில்: உங்கள் அப்பா சொன்னதுதான் சரியான விமர்சனம். எடிட்டிங்கை அங்கிருந்தே தொடங்கலாம்.

கர்நாடகத்தில் மணற்பாறை வேண்டுமென்றால் வடக்கே பாதாமிக்குப் போக வேண்டும். அங்கே பாறையில் கலந்திருக்கும் இரும்புச் சத்து அதற்குச் செந்நிறம் தருகிறது. உங்கள் ஊர் மேடு பாறையே அல்ல. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கத்தை எடுத்து நடத்தத் தொடங்கியது முதல் 2001 பிப்ரவரி 28-இல் மூடியது வரை, பூமிக்கு அடியிலிருந்து ஏற்றிவந்த கல்லை ஆலையில் மாவாக இடித்து, பொன்னை, தொடக்க ஆண்டுகளுக்குப்பின் சயனைடு கரைசலில், பிரித்தெடுத்துவிட்டுக் கொட்டிய கழிவு மண் அது. சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சுரங்கம். அந்த ஆழத்துக் கல்லும் இந்த மேடுகளில் கலந்திருக்கிறது. அதன் நிறம் வெளிறிய சாம்பல், வெயில் பட்டால் லேசான மஞ்சள். ஆண்டாண்டாகப் பெய்த மழை அந்த மண்ணை வரிவரியாக அறுத்துவிட்டதால் தூரத்திலிருந்து மணற்பாறைச் செங்குத்து போலத் தெரிகிறது. அந்த ஒற்றுமையைக் கண்டுகொண்ட உங்கள் கண்ணைப் பாராட்டுகிறேன். ஆனால் சிவப்பைக் கூட்டியதும் படம் வேறு ஊருக்குப் போய்விட்டது.

இனி பனிக்கு வருவோம். மூடுபனியின் நீர்த்துளிகள் ஒளி அலையைவிடப் பல மடங்கு பெரியவை. அதனால் எல்லா நிறங்களையும் ஏறக்குறைய சமமாகச் சிதறடித்து வெண்மையாகக் காட்டுகின்றன. தூரம் கூடக்கூட ஒரு பொருளுக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு ஒரே விகிதத்தில் குறைகிறது. ஒரு காலையில் 100 மீட்டரில் அது பாதியானால், 200 மீட்டரில் கால்பங்கு, 300 மீட்டரில் அரைக்கால்பங்கு. கிட்டே இருக்கும் வேலமரம் கருமை, நடுவில் இருக்கும் மேடு சாம்பல், அப்பால் இருக்கும் மேடு வெள்ளைக்குச் சற்றுக் கீழே என்ற இந்த வரிசைதான் உங்கள் மனசை நிறைத்தது. எடுக்கும்போதும் திருத்தும்போதும் காப்பாற்ற வேண்டியது இந்த வரிசை ஒன்றைத்தான்.

காமிராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று கணக்குப் போடும். வெண்பனியைக் காட்டினால் அதையும் சாம்பலாக்கிவிடும். உங்கள் படங்கள் மங்கியது இதனால்தான். எக்ஸ்போஷரை +0.7 முதல் +1 வரை ஏற்றி எடுங்கள். ஹிஸ்டோகிராம் நடுவைத் தாண்டி வலப்பக்கம் சாய்ந்திருக்கட்டும், வலக்கோடியில் முட்ட வேண்டாம். ஜேபெக் போதாது, ரா கோப்பாகவே எடுங்கள். வெண்சமநிலையை ஆட்டோவில் விட்டால், சூரியன் வருமுன் இருக்கும் நீலத்தைக் காமிராவே துடைத்துவிடும். 5,500 கெல்வின் அளவில் நிறுத்திவையுங்கள். ஆட்டோஃபோகஸ் பனியில் பிடி கிடைக்காமல் முன்னும் பின்னும் ஓடும். மேட்டின் விளிம்பிலோ சுரங்கத்தின் இரும்புக் கோபுரத்திலோ ஒருமுறை பிடித்துவிட்டு மேனுவலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அகல லென்ஸில் மேடு சிறுத்து, வெறும் வானம்தான் மிஞ்சும். 70-200 போன்ற நீள லென்ஸ், தள்ளித்தள்ளி நிற்கும் மேடுகளை ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கிக் காட்டும். முன்னால் ஒரு லைன் வீட்டுக் கூரையோ சைக்கிளில் போகும் ஆளோ இருந்தால்தான் மேட்டின் உயரம் பார்ப்பவருக்குப் புரியும். நீங்கள் சொல்லும் மாதங்கள் சரியானவை. வடகிழக்குப் பருவமழையில் நனைந்த தரை, தெளிந்த இரவு, காற்றில்லாத விடியல் மூன்றும் சேர்ந்தால் பனி பள்ளத்தில் தங்கும். சூரியன் ஏறி அது கலையத் தொடங்கும் சிறு இடைவெளியில், பக்கவாட்டு வெளிச்சம் மழை அறுத்த வரிகளில் விழும். எனக்கு முழுப் பனியைவிட அந்த நேரமே பிடிக்கும்.

மேட்டின் மேல் ஏறாதீர்கள். மழைநீர் உள்ளே குடைந்த ஓட்டைகள் மேலிருந்து தெரியாது, விளிம்பு சட்டென்று சரியும். அந்த மண் தூசும் நுரையீரலுக்கு ஆகாது. சுரங்கக் குடும்பத்தில் பிறந்த உங்களுக்கு சிலிக்கோசிஸ் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாலையிலிருந்து எடுத்தாலே போதும். வேலிக்குள் போகவேண்டி இருந்தால் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எடிட்டிங்கில் முதலில் நிறம். மேட்டின் ஒரு பிடி மண்ணை வெயிலில் எப்படிப் பார்த்திருக்கிறீர்களோ அந்த நினைவை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். பனியின் நிழலில் துளி நீலம், வெளிச்சம் படும் இடத்தில் துளி மஞ்சள், அவ்வளவே. ஆரஞ்சு, சிவப்புப் பட்டைகளைத் தொடவே வேண்டாம்.

டீஹேஸ், பெயருக்கேற்றபடி, ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு பனி இருக்கிறது என்று கணித்து அதைக் கழிக்கிற கருவி. முழுப் படத்துக்கும் ஏற்றினால், நீங்கள் குளிரில் எழுந்து போய் எதைத் தேடினீர்களோ அதையே அழிக்கும். முன்னால் இருக்கும் மரத்துக்கும் புதருக்கும் மட்டும் மாஸ்க் போட்டு +10 அளவில் கொடுங்கள். பின்வரிசை மேட்டுக்குத் தேவைப்பட்டால் -5 என்று எதிர்ப்பக்கம் இறக்குங்கள். கிளாரிட்டியும் அதேபோல, முன்பக்கத்துக்கு மட்டும். கர்வில் கருமைப் புள்ளியை அடிவரை இழுக்காதீர்கள். இந்தப் படத்தில் மிக அருகில் இருக்கும் பொருளுக்கு மட்டுமே கருமைக்கு உரிமை உண்டு. அருகில் எதுவும் இல்லாவிட்டால் படத்தில் கருப்பே இல்லாமல் போகட்டும், தவறில்லை. தூரத்து மேடு எந்நிலையிலும் அருகிலுள்ளதைவிடக் கருத்துவிடக் கூடாது. ஷார்ப்பனிங்கிலும் மாஸ்க்கைக் கூட்டி, விளிம்புகளுக்கு மட்டும் விடுங்கள். இல்லையென்றால் பனி மணல்மணலாகப் பொரியும். வேலையை 16 பிட்டிலேயே செய்யுங்கள். 8 பிட்டில் இழுத்தால் மென்மையான வானத்தில் படிப்படியாகக் கோடு விழும். அப்படியும் விழுந்தால் சிறிது கிரெய்ன் சேர்த்தால் மறையும்.

இல்லாத பனியை மென்பொருளால் சேர்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். சீனத்து லாங் ஜிங்ஷான் (1892-1995) பல நெகட்டிவ்களை இணைத்து மலையும் மூடுபனியுமாக அற்புதமான படங்கள் செய்தார், அவை கூட்டுப் படங்கள் என்று வெளிப்படையாகவே சொன்னார். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. உங்கள் படம் வேறு வகை. 13 மேடுகளில் சுமார் 3.3 கோடி டன் கழிவு மண் இருப்பதாகக் கணக்கு. அதிலிருந்து மிச்சப் பொன்னை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்திருக்கிறது. வேலை நடந்தால் இந்த உருவங்கள் இப்படியே இருக்கப்போவதில்லை. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து இறங்கிய குடும்பங்கள் மேலே ஏற்றிய மண் இது. அதன் நிறமும் வடிவமும் நாளும் உள்ளபடி பதிவாவது முக்கியம் என்று உறுதியாக நினைக்கிறேன். ஆகவே தலைப்பை மாற்றுங்கள்: எந்தச் சுரங்கத்தின் மேடு, எந்தத் திசையிலிருந்து, எந்தத் தேதி. சுரங்கத்தின் பெயரை அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள்.

அச்சுக்குப் பளபளக் காகிதம் வேண்டாம், மேட் காகிதம் எடுங்கள். திரை பின்னாலிருந்து ஒளிர்வது, காகிதம் அப்படியல்ல. அதனால் திரையில் பார்ப்பதைவிடச் சற்று வெளிச்சம் கூட்டிய பிரதி ஒன்றைத் தயார் செய்து, முதலில் ஒரு சிறு துண்டு அடித்துப் பாருங்கள். லேபில் ‘ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம்’ என்று கட்டாயம் சொல்லுங்கள். அங்கிருக்கும் இயந்திரம் மங்கலான படத்தைக் கண்டால் தானாகவே கருப்பை ஏற்றி, நீங்கள் விட்டுவைத்த பனியையெல்லாம் துடைத்துத் தந்துவிடும்.