மார்ச் மாதம்: வான்கோழிச் சேவலைத் தேர்ந்தெடுக்கும் காலம்

அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங் விருந்து நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமை வருகிறது. அன்றைய மேசைக்குப் போக வேண்டிய பாரம்பரிய வான்கோழியின் வேலை மார்ச்சிலேயே தொடங்கிவிடும். இந்த இனங்கள் அறுக்கும் எடைக்கு வர ஏறத்தாழ 28 வாரம் ஆகும். முட்டை பொரிய 28 நாள். அறுப்புக்கும் விற்பனைக்கும் ஒரு வாரம் ஒதுக்கிப் பின்னோக்கி எண்ணினால், ஏப்ரல் 5-க்கும் 11-க்கும் இடையில் முட்டைகள் இன்குபேட்டருக்குள் இருக்க வேண்டும். ஆகவே சேவலையும் பெட்டையையும் ஒன்றாக விடுவதைத் தள்ளிப்போட இடமில்லை.

பெட்டை முட்டையிட நாளொன்றுக்குச் சுமார் 14 மணி நேர வெளிச்சம் தேவை. வட மாநிலங்களில் மார்ச் மாதத்துப் பகல் அதற்குப் போதாது. கொட்டிலில் விடியுமுன் ஒரு விளக்கை எரியவிட்டு அந்தக் குறையை ஈடுகட்டலாம். சேவலின் உடல் இனச்சேர்க்கைக்குத் தயாராகக் கூடுதல் நாள் பிடிக்கும் என்பதால், அதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே வெளிச்சம் கொடுப்பது வழக்கம்.

எந்தப் பறவையை இனப்பெருக்கத்துக்கு நிறுத்துவது என்பதுதான் இந்த மாதத்தின் பெரிய முடிவு. கடைகளை நிரப்பும் பெருமார்பு வெள்ளை வான்கோழிக்கு மார்பு கனத்துப்போய், சேவலால் பெட்டையை மிதிக்கவே முடியாது. செயற்கைக் கருவூட்டலில்தான் அந்த இனம் ஓடுகிறது. பாரம்பரிய வான்கோழிக்கு, அரிய கால்நடை இனங்களைக் காக்கும் லைவ்ஸ்டாக் கன்சர்வன்சி அமைப்பு வைத்திருக்கும் முதல் விதியே அது தானாக இணைசேர வேண்டும் என்பது. மெதுவான வளர்ச்சியும் நீண்ட ஆயுளும் மற்ற இரண்டு விதிகள். பெட்டை 5 முதல் 7 ஆண்டு, சேவல் 3 முதல் 5 ஆண்டு வரை இனவிருத்திக்கு உதவ வேண்டும். 1997-இல் அந்த அமைப்பு கணக்கெடுத்தபோது, அமெரிக்கப் பொரிப்பகங்களில் இருந்த இனப்பெருக்கப் பறவைகள் 1,335 மட்டுமே. நாரகான்செட், போர்பன் ரெட், ஸ்லேட் என்று எல்லா இனங்களையும் சேர்த்துத்தான் அந்த எண்ணிக்கை.

அந்த நிலையிலிருந்து மீண்டு வந்த இனங்களில் நிறத்தைப் பார்த்துச் சேவல் பிடிக்கும் பழக்கம் பரவியிருப்பது வருத்தத்துக்குரியது. போர்பன் ரெட்டின் செம்பழுப்பு உடலும் வெள்ளைச் சிறகும் கண்ணைப் பறிக்கும்தான். ஆனால் கையில் தூக்கிப் பார்க்க வேண்டும். நெஞ்செலும்பு வளைவோ பள்ளமோ இன்றி நேராக ஓட வேண்டும். முதுகு அகன்றிருக்க வேண்டும். கால்கள் இடைவெளி விட்டு நேராக ஊன்றி, நடையில் தள்ளாட்டம் இல்லாதிருக்க வேண்டும். கான்சஸில் பல பதிற்றாண்டுகளாகப் பழைய வெண்கல (Bronze) வான்கோழி வம்சத்தைக் காத்துவரும் ஃபிராங்க் ரீஸ், முந்தைய தலைமுறை வளர்ப்பாளர்களிடம் கற்ற இந்தக் கைப்பழக்கத்தைத்தான் முன்னிறுத்துகிறார். நிறம் சற்றே பிசகிய, கட்டான உடல் கொண்ட சேவலே அழகான நோஞ்சானை விட மேல்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இதில் ஒரு சொந்தம் உண்டு. மேரிலாந்தின் பெல்ட்ஸ்வில்லில் அமெரிக்க வேளாண்துறை 1930-களில் உருவாக்கிய பெல்ட்ஸ்வில் சிறு வெள்ளை, பிறந்த நாட்டில் 1970-களுக்குள் ஏறக்குறைய மறைந்தது. அதன் இரத்தம் நம்மூர்க் கறுப்பு வான்கோழியோடு கலந்து பிறந்ததே நந்தனம் வான்கோழி-1.

சிறு பண்ணைக்கு நான்கைந்து பெட்டைக்கு ஒரு சேவல் போதும். சேவலின் நகங்களை இப்போதே மழுக்கிவிட வேண்டும். மிதிக்கும்போது பெட்டையின் முதுகு கிழிவது இந்தப் பருவத்தின் வழக்கமான காயம். கித்தான் துணியில் தைத்த முதுகுறையைக் கட்டிவிடுவோரும் உண்டு.

பெட்டை காட்டோரப் புதரைத் தேடிப் போய் முட்டையிடும். ரக்கூனும் நரியும் அதற்காகக் காத்திருக்கும். கொட்டிலின் இருட்டு மூலைகளில் வைக்கோல் பரப்பிய பெட்டிகளை முன்கூட்டியே வைத்தால் அங்கேயே பழகிவிடும். உறைபனி விழும் நாட்களில் தினம் இரண்டு மூன்று முறை முட்டை எடுக்க வேண்டும். கூர்முனை கீழாக, 13 முதல் 15 டிகிரி செல்சியஸில், பத்து நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. காற்றுச் சுழலும் இன்குபேட்டரில் 37.5 டிகிரி. 25-ஆம் நாளோடு முட்டையைத் திருப்புவதை நிறுத்திவிட வேண்டும்.

நோயைப் பற்றி ஒரு கண்டிப்பான சொல். வான்கோழியைக் கோழியோடு வளர்க்காதீர்கள். கோழி ஓடிய மண்ணிலும் விடாதீர்கள். கோழிக்குப் பெரிதாகத் தீங்கு செய்யாத ஒரு குடற்புழுவின் முட்டைக்குள் பிளாக்ஹெட் நோய்க் கிருமி ஒளிந்திருந்து, மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மண்புழு அதை விழுங்கும், மண்புழுவை வான்கோழி கொத்தும். கந்தக மஞ்சளில் எச்சம் போட ஆரம்பித்தால் ஈரல் கெட்டுவிட்டது என்று பொருள். நைட்டார்சோன் மருந்து 2015 முடிவில் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட பிறகு, இதற்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து எதுவும் இல்லை. இடம் போதாதவர் கோழி, வான்கோழி இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

பறவைக் காய்ச்சலும் இதே பருவத்தின் ஆபத்து. 2022 பிப்ரவரியில் இண்டியானாவின் டுபோய்ஸ் மாவட்டத்து வான்கோழிப் பண்ணையில் தெரியவந்த எச்5என்1, அதன் பின்னர் பல மாநிலங்களுக்குப் பரவியது. காட்டு வாத்துகள் வடக்கே திரும்பும் நாட்கள் இவை. தீவனத் தொட்டிக்குக் கூரை, குளத்து நீருக்குத் தடை, கொட்டிலுக்கென்று தனிக் காலணி ஆகிய மூன்றும் இந்த வாரமே வேண்டும்.

முட்டை விலைக்கு வாங்குவோர், விற்பவரின் மந்தை தேசியக் கோழி மேம்பாட்டுத் திட்டத்தின் பரிசோதனையில் தேறியதா என்று கேட்டுச் சான்று பெற்ற பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

குஞ்சு வருமுன் புரூடரை 35 டிகிரிக்குச் சூடேற்றி வைத்து, வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துவர வேண்டும். வான்கோழிக் குஞ்சு தீவனத்தின் நடுவில் நின்றுகொண்டே பட்டினியில் சாகும்; அதற்குக் காட்டித்தர வேண்டும். ஒவ்வொரு குஞ்சின் அலகையும் தண்ணீரில் தொட்டு எடுத்து, தொட்டியில் பளபளக்கும் கோலிக்குண்டுகளைப் போட்டுவைத்தால் கொத்திக் கொத்திக் குடிக்கப் பழகும். கோழிக் குஞ்சுத் தீவனம் இதற்குப் போதாது; 28 சதவீதப் புரதம் உள்ள வான்கோழிக் குஞ்சுத் தீவனத்தைச் சொல்லி வாங்கிவைக்க வேண்டும்.