முதலில் சலோனா, பிறகு ஸ்பிளிட்

அன்புள்ள கயல்,

செமஸ்டர் விடுமுறையில் அங்கோனாவிலிருந்து இரவுக் கப்பலேறி குரோஷியாவின் ஸ்பிளிட்டுக்குப் போகிறாயாமே, உன் அம்மா சொன்னாள். துறைமுகத்தில் இறங்கியதும் டயோக்ளீஷியன் அரண்மனை கூப்பிடு தூரத்தில் நிற்கும். உடனே உள்ளே ஓடிவிடாதே. நகரப் பேருந்தைப் பிடித்து, சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சோலினுக்குப் போ. நிழல் குறைவு, காலையிலேயே கிளம்பு.

அங்கேதான் சலோனா கிடக்கிறது. ரோமானியரின் டால்மேஷியா மாகாணத்துக்குத் தலைநகரமாக இருந்த ஊர். இன்று புல் மண்டிய கல்வரிசைகள், அடித்தளம் மட்டும் மிஞ்சிய தேவாலயங்கள், ஓரமாக ஒரு வட்டரங்கம். பேரரசர் டயோக்ளீஷியன் இந்தப் பக்கத்துக்காரர். 305-இல் பதவியைத் தாமே துறந்து வந்து, சொந்த ஊருக்கருகே கடலோரம் கட்டியிருந்த மாளிகையில் தங்கிவிட்டார். மறுபடி அரியணை ஏறச் சொல்லி ஆள் வந்தபோது, தோட்டத்து முட்டைக்கோஸைக் காட்டி மறுத்தார் என்றொரு கதை உண்டு.

7ஆம் நூற்றாண்டில் படையெடுப்புகளில் சலோனா விழுந்தது. தப்பிய மக்களில் ஒரு பகுதியினர் அந்தப் பழைய மாளிகைக்குள் குடிபுகுந்தார்கள். மண்டபங்களைத் தடுத்து அறையாக்கினார்கள், மதிலோடு சேர்த்து வீடு கட்டினார்கள். அந்தக் குடித்தனம் வளர்ந்துதான் ஸ்பிளிட் ஆனது. பாழான ஊரைப் பார்த்துவிட்டுப் போனால்தான் இந்த ஊரின் நெரிசலுக்குக் காரணம் விளங்கும்.

திரும்பி வந்ததும், கடலைப் பார்த்த தெற்கு வாசல் வழியாக நிலவறைக்குள் நுழை. வழிகாட்டிகள் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ படப்பிடிப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். நீ அண்ணாந்து பார். வளைவுக் கூரையில் ஆங்காங்கே ஓட்டைகள் தெரியும். மேலே குடியிருந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகக் குப்பையையும் கழிவையும் அவற்றின் வழியே கொட்டினார்கள். கீழே குப்பை நிரம்பிப்போனதால் யாரும் அங்கே எதையும் இடிக்கவோ மாற்றவோ இல்லை. மேல்தளத்தில் அரசர் வாழ்ந்த அறைகள் பெரும்பாலும் போய்விட்டன. அவை எப்படி அமைந்திருந்தன என்பதை ஆய்வாளர்கள் கணிப்பதே, குப்பையை அள்ளியபின் வெளிப்பட்ட இந்த நிலவறைகளின் அமைப்பை வைத்துத்தான்.

பெரிஸ்டைல் முற்றத்தில் எகிப்திலிருந்து வந்த கருங்கல் ஸ்பிங்ஸ் படுத்திருக்கும். பக்கத்தில் எண்கோணக் கட்டடம், டயோக்ளீஷியன் தமக்காக எழுப்பிய கல்லறை மாடம். கிறிஸ்தவர்களை வதைத்தவர் அவர். சலோனாவின் ஆயர் தோம்னியுஸ் 304-இல் கொல்லப்பட்டது அவர் ஆட்சியில்தான். இன்று அந்தக் கல்லறை தோம்னியுஸ் பெயரால் வழங்கும் பேராலயம். அரசரின் உடல் போன இடம் தெரியவில்லை. வரலாறு இவ்வளவு அப்பட்டமாகப் பழிதீர்த்த இடம் வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. உள்ளே போகுமுன் கதவில் கொஞ்சம் நில்: 1214-இல் ஆந்திரியா புவினா அக்ரூட் மரத்தில் செதுக்கிய 28 காட்சிகள், இயேசுவின் வாழ்க்கை.

வடக்கு வாசலில் ஆயர் கிர்கூரின் பெரிய வெண்கலச் சிலை இருக்கிறது. அதிர்ஷ்டம் வருமென்று கால் பெருவிரலைத் தேய்க்கக் கூட்டம் நிற்கும். ஆசையிருந்தால் நீயும் தேய்த்துக்கொள்.

மதிலுக்குள் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. சந்துகளில் கத்திப் பேசாதே, யார் வீட்டு ஜன்னலுக்குள்ளும் கேமராவை நீட்டாதே. தண்ணீருக்குக் கவலை வேண்டாம். யாட்ரோ ஆற்று ஊற்றிலிருந்து அரண்மனைக்கு ரோமானியர் கால்வாய் வெட்டினார்கள். ஊர்க் குழாய்களில் இன்றும் வருவது அதே ஊற்றின் நீர்தான். பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்காதே.

அன்புடன்,
பெரியப்பா