நீலம் பாய்ந்த பராங்

"அடிச்ச கத்தி நல்லதா, மிஷின் கத்தி நல்லதாண்ணே?" பராங் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது இதைத்தான். குளுவாங் பக்கம் கொஞ்சம் செம்பனையும் வீட்டைச் சுற்றி வாழையும் தென்னையும் வைத்திருக்கிறேன். முப்பது வருஷமாகக் கத்தி பிடிக்காத நாள் குறைவு. இருந்தும் ஒரே வார்த்தையில் பதில் வருவதில்லை. என்ன வெட்டப் போகிறாய் என்று திருப்பிக் கேட்கிறேன்.

அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். அவருடைய உளி கம்பெனியில் செய்து கடைக்கு வந்த சரக்கு. அதே உளிதான் தோட்டத்தில் எல்லார் கையிலும். ஆனால் சாயங்காலமானால் லயத்து வாசலில் குந்தி, கல்லில் தண்ணீர் தெளித்துத் தீட்ட ஆரம்பித்துவிடுவார். ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை போனால் போதும். உளி மழுங்கினால் கை அழுத்தும். அழுத்தினால் உள்பட்டையைத் தாண்டிக் காயம் விழும். அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு ஒழுங்காகக் கோடு இழுக்க முடியாது. தீட்டித் தீட்டி, நாலைந்து மாதத்தில் அந்த மிஷின் உளி அப்பா கைக்கு மட்டுமே படிகிற உளியாகிவிடும். அதை யாரும் இரவல் கேட்டு நான் பார்த்ததில்லை.

அதனால் மிஷின் கத்தியை நான் இளக்காரமாகப் பேச மாட்டேன். அடுப்படிக்கு அதுதான் சரி. மெல்லிசாக, ஒரே சீராக, துருப்பிடிக்காமல் இருக்கும். பட்டறையில் அடித்த கத்தியால் மாங்காயையும் வாழைப்பூவையும் நறுக்கினால் கத்தியும் கறுக்கும், காயும் கறுக்கும். ஜொகூர் ஈரக்காற்றில் ஒரு ராத்திரி கழுவாமல் போட்டால் விடியும்போது செம்மண் பூசியதுபோல் துரு. தேங்காய் எண்ணெய் தடவிவைக்கப் பொறுமை இல்லாதவர்கள் அதை வாங்கவே வேண்டாம்.

தோட்டத்து வேலைக்கு வேறு கணக்கு. தகட்டை அச்சில் வெட்டியெடுத்த மலிவு பராங், பிடியிலிருந்து நுனிவரை ஒரே தடிமனாக இருக்கும். காய்ந்த மட்டையில் போடுகிற ஒவ்வொரு வெட்டும் மணிக்கட்டில் வந்து அதிரும். அடித்த பராங்கின் முதுகு பிடிப்பக்கம் தடித்து, நுனிக்குப் போகப் போக மெலியும். வாங்கும்போது பராங்கை முகத்துக்கு நேரே நீட்டி, முதுகின் மேல் ஒரு கண்ணை ஓட்டிப் பாருங்கள், அந்த மெலிவு தெரியும். அடுத்து நகத்தால் சுண்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும், சத்தம் செத்துக் கேட்டால் விரிசலோ பிடியில் ஆட்டமோ இருக்கலாம். மூன்றாவது, ஒரு சின்ன அரம். வாயில் வைத்தால் வழுக்க வேண்டும், முதுகில் வைத்தால் பிடிக்க வேண்டும். வாய் கடினமாகவும் முதுகு இளக்கமாகவும் இருந்தால்தான் பராங் உடையாமல் உழைக்கும்.

நான் போகிற பட்டறைத் தவுக்கே லாரி ஸ்பிரிங் பட்டையில்தான் அடிப்பார். சிவகங்கைப் பக்கம் திருப்பாச்சேத்தியில் அரிவாள் அடிப்பவர்களும் அதே லாரிப் பட்டையைத்தான் எடுக்கிறார்கள். அதில் ஏறத்தாழ 0.6 விழுக்காடு கரிமம் உண்டு. தோய்ச்சலில் நன்றாக இறுகும். அடுப்பில் பழுத்த பராங்கின் வாயை மட்டும் அவர் எண்ணெயில் இறக்குவார், முதுகு வெளியிலேயே மெல்ல ஆறும். அவர் பார்ப்பது நிறத்தை மட்டும்தான், அதனால் பகலிலும் அடுப்புப் பக்கத்து ஜன்னலைச் சாத்தியே வைத்திருப்பார்.

அவ்வளவு பக்குவமாக வந்த பராங்கை நான் ஒரு மத்தியானத்தில் கெடுத்தேன். அவசரத்தில் மின்சாரச் சாணையில் அழுத்திப் பிடித்தேன். வாயோரம் மயில் கழுத்து நிறத்தில் ஒரு கோடு ஓடியது. அழகாக இருக்கிறதென்றுகூட நினைத்தேன். மறுநாள் ஒரு தேங்காயை வெட்டினால், வாய் தகரம்போல் மடிந்தது. ஏறத்தாழ 300 டிகிரி சூடு ஏறினால்தான் எஃகில் அந்த நீலம் பாயும், தோய்ச்சலில் வந்த கடினமும் அதோடு இறங்கிவிடும். அன்றிலிருந்து மிஷின் கத்தியோ அடித்த கத்தியோ, எனக்குக் கல்லும் தண்ணீரும்தான். சாணை பிடித்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு இழுப்புக்கு ஒரு தடவை தண்ணீரில் முக்குவேன்.

மடிந்த பராங்கை ஒரு பழைய சாரோங்கில் சுற்றிக் கட்டி, கார் பூட்டில் வைத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். தக்க காரணமில்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சீட்டுக்கடியில் போட்டுவைக்கிற பழக்கம் வேண்டாம்.

தவுக்கே நீலத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். "மெசின் கா, அண்ணே?" என்று மட்டும் கேட்டார். எரிந்த ஓரத்தை அரைத்தெடுத்து, மறுபடி அடுப்பிலிட்டு, தோய்ச்சல் போட்டுக் கொடுத்தார். பராங் அரை விரற்கடை அகலம் குறைந்து வந்தது. மிஷின் பராங் அப்படிக் கெட்டிருந்தால் எங்கே கொண்டுபோயிருப்பேன்? பதினோரு வருஷமாகிறது, இன்று காலையும் அதில்தான் வாழைத்தார் இறக்கினேன்.