அசையும் படகும் செய்நிரல் பாடமும்

“கணினியில் படம் ஓட விடுவது விளையாட்டு, படிப்பு வேறு” என்று வீடுகளில் சொல்வதுண்டு. செய்நிரலாக்கத்தில் மட்டும் இரண்டும் ஒன்றாக இருக்க முடியும்.

செய்நிரல் என்பது கணினிக்கு ஒழுங்காகக் கொடுக்கும் கட்டளைத் தொகுப்பு. வரிசை, தெரிவு, மீள்செயல் ஆகிய மூன்றும் அதன் அடிப்படைகள். இவற்றை மனனம் செய்தால் பரீட்சையோடு மறந்துவிடும். கண்ணால் கண்டால் மறவாது.

நமது களப்பில் ஓடும் ஒரு படகை ஸ்கிரட்ச் மென்பொருளில் அசைத்துப் பார்ப்போம். அதன் மேடை 480 அலகு அகலமானது. இடது ஓரத்திலிருந்து 10 அலகு வீதம் 48 தடவை நகர்ந்தால் படகு வலது ஓரத்தை அடையும். இது மீள்செயல். “ஓரத்தைத் தொட்டால் திரும்பு” என்பது தெரிவு. நகர்வை 100 தடவையாக்கி, தெரிவை மீள்செயலுக்குள் வைக்காமல் அதன் கீழே வைத்தால் என்ன நடக்கும்? படகு ஓரத்தில் முட்டிக்கொண்டே நிற்கும். 100 தடவையும் முடிந்த பின்னரே திரும்பும். உயர்தரத்தில் நாம் கற்கும் பைதனில் இதே பிழை, வரியின் முன்னே விடவேண்டிய இடைவெளியை விடாததால் வருகிறது. படகைக் கண்ட மாணவிக்கு அந்த இடைவெளியின் பொருள் உடனே விளங்கும்.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ரண்டி பௌஷின் குழு வளர்த்த மென்பொருள் ஆலிஸ். முப்பரிமாண உருவங்களை அசைத்தபடியே செய்நிரல் கற்க அது உதவுகிறது. அங்கு ஆய்வு செய்த கெய்ட்லின் கெல்லஹர், கதை சொல்வதற்கேற்ற ஆலிஸ் பதிப்பொன்றை உருவாக்கி, 2006 இல் தம் முடிவுகளை வெளியிட்டார். சாதாரண பதிப்பைப் பயன்படுத்திய மாணவிகளும் கதைப் பதிப்பைப் பயன்படுத்தியவர்களும் அடிப்படைகளை ஏறத்தாழச் சமமாகவே கற்றனர். ஆனால் கதைப் பதிப்பினர் செய்நிரல் எழுதுவதில் 42 சதவீதம் கூடுதல் நேரம் செலவிட்டனர். ஆர்வம் இருந்தால் பிள்ளை தானாகவே அமர்ந்து முயல்கிறாள்.

எனினும் மென்பொருள் மட்டும் போதாது. டியூக் பல்கலைக்கழகப் பேராசிரியை சூசன் ரொட்ஜர் 2008 முதல் பாடசாலை ஆசிரியர்களுக்குக் கோடை விடுமுறையில் ஆலிஸ் பயிற்சி நடத்தினார். கணினி ஆசிரியர்களோடு கணிதம், விஞ்ஞானம், மொழி கற்பிப்போரும் வந்தனர். அவர்கள் தாமே அசைவூட்டம் செய்து பழகி, தத்தம் பாடத்துக்கேற்ற பாடக்குறிப்புகளைத் தயாரித்தனர்.

இது ஏன் முக்கியம்? தாமே செய்து பார்க்காத ஆசிரியை பாடநூலில் உள்ளதை அப்படியே செய்யச் சொல்வார். அது வெறும் பிரதி பண்ணல். செய்து பார்த்தவருக்குப் படகு எங்கே முட்டும் என்பது தெரியும். அவர் விடையைச் சொல்லாமல், “எந்தக் கட்டளை எத்தனை தடவை நடந்தது?” என்று கேட்பார். அந்தக் கேள்வியில்தான் பாடம் தொடங்குகிறது.

எமது பகுதியில் சாதாரண தரத்தில் பஸ்காலைக் கண்டு அஞ்சி, உயர்தரத்தில் இப்பாடத்தையே கைவிடும் மாணவிகள் உள்ளனர். ஒரு விடுமுறையில் சில நாட்கள் கணினி அறையைத் திறந்து, எல்லாப் பாட ஆசிரியைகளும் முதலில் மாணவிகளாக அமர்ந்தால் இந்த அச்சம் குறையும். பெற்றோரே, உங்கள் மகள் திரையில் படகோட்டினால் தடுக்காதீர்கள். அது ஏன் திரும்புகிறது என்று மட்டும் கேளுங்கள்.