வேளாண் பட்டப்படிப்பு: பிளஸ் 1-லேயே முடிவு செய்க

திருவாலங்காடு வட்டாரத்தில் நெல்லும் கரும்பும் பயிரிடும் பல குடும்பங்களில், பிள்ளையை வேளாண்மை அலுவலராகப் பார்க்கும் ஆசை உண்டு. இதற்கான பருவம் பிளஸ் 2 முடிவு வரும் நாளன்று. 10-ம் வகுப்பு முடிந்த கோடையே ஆகும்.

பாடப்பிரிவு: கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் அடங்கிய பிரிவே சிறந்தது. இதைப் படித்தோர் பி.எஸ்சி. வேளாண்மை, தோட்டக்கலை ஆகியவற்றுடன் பி.டெக். வேளாண் பொறியியலுக்கும் விண்ணப்பிக்கலாம். அறிவியல் இல்லாத வணிகவியல் பிரிவில் சேர்ந்தால் இவ்வழி அடைபடும்.

சேர்க்கை: 1971-ல் கோவையில் அமைந்த தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், மாநிலத்திற்குரிய இடங்களைப் பிளஸ் 2 மதிப்பெண் தரவரிசைப்படி நிரப்புகிறது. பட்டப்படிப்பு 4 ஆண்டுகள்.

ஒதுக்கீடு: 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே பயின்றோருக்கு, 2021-ம் ஆண்டுச் சட்டப்படி 7.5 விழுக்காடு இடங்கள் உண்டு. இவ்வாறு சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இடையில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் இவ்வுரிமை போய்விடும். கடன் வாங்கிப் பள்ளி மாற்றுமுன் இதைக் கணக்கிட்டுப் பார்க்கவும்.

மதிப்பெண் குறைந்தால்: 2 ஆண்டு வேளாண்மைப் பட்டயப்படிப்பில் சேரலாம். உதவி வேளாண்மை அலுவலர் பணிக்கு இதுவே தகுதி. வேளாண்மை அலுவலர் பணிக்குப் பட்டம் தேவை.

எச்சரிக்கை: இடம் வாங்கித் தருவதாகக் கூறும் தரகரை நம்பி நிலத்தை அடகு வைக்க வேண்டாம். தரவரிசையில் இடம் பெறாதவருக்குப் பணம் கொடுத்து அரசுக் கல்லூரியில் இடம் பெற வழியில்லை. ஐயம் எழுந்தால் திரூர் வேளாண்மை அறிவியல் நிலையத்தை அணுகி, பிள்ளையுடன் நேரில் விசாரிப்பது நலம்.