வட்டம் சுற்றினால் நெட்டைத் திட்டாதீர்கள்

ஆடிட்டர் ஆபீஸோ, கட்டட வரைபடம் போடும் ஆபீஸோ, காட்சி ஒன்றுதான். சர்வரில் கிடக்கும் கோப்பு ஒன்றை மெயிலில் இணைக்க வேண்டும். அவுட்லுக்கில் பேப்பர் கிளிப்பை அழுத்துகிறார்கள். நீல வட்டம் சுற்றுகிறது. திரை வெளுத்துப்போய் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்கிறது. பக்கத்து மேசையிலிருந்து தீர்ப்பு வந்துவிடும்: “நெட் ஸ்லோ.” அடுத்த மாதம் முதலாளி 100 எம்பிபிஎஸ் இணைப்பை 300 ஆக்குவார். வட்டம் முன்பு போலவே சுற்றும்.

இதைப் பற்றி ஆபீஸ்களில் உலவும் நம்பிக்கைகளில் சில முழுப் பொய். மற்றவற்றில் துளி உண்மை உண்டு. அந்தத் துளிதான் அவற்றை இத்தனை வருடம் உயிரோடு வைத்திருக்கிறது.

“நெட் ஸ்லோவா இருக்கு, அதான்”

சர்வர் உங்கள் ஆபீஸிலேயே இருக்கிறது. அதிலிருக்கும் கோப்பு உங்கள் கம்ப்யூட்டருக்கு வர வெளி இணையம் தேவையில்லை. சுவரோரம் ஓடும் லேன் கேபிளும் ஒரு ஸ்விட்சும் போதும். அவுட்லுக் வழக்கமான முறையில், அதாவது மெயில்களின் நகலைக் கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொள்ளும் முறையில் இருந்தால், அட்டாச் செய்யும்போது நடப்பது இவ்வளவுதான்: கோப்பைத் தேர்ந்தெடுக்கும் ஜன்னல் திறக்கிறது, ஃபோல்டரில் உள்ளவை பட்டியலாகின்றன, கோப்பு முழுவதும் லேன் வழியே படிக்கப்படுகிறது, எழுதிக்கொண்டிருக்கும் மெயிலுக்குள் அதன் நகல் போய் உட்காருகிறது. இணைய நிறுவனத்தின் கம்பி பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் கதைக்குள் வருகிறது.

பிரவுசரில் மெயில் பார்ப்பவர்களுக்கு இது பொருந்தாது. அங்கே கோப்பைத் தேர்ந்தெடுத்த கணமே அது வெளியே ஏறத் தொடங்குகிறது. அதுவும் வைஃபையில் இருந்தால், சர்வரிலிருந்து லேப்டாப்புக்கு வருவதும் லேப்டாப்பிலிருந்து வெளியே போவதும் ஒரே அலைவரிசையை மாற்றி மாற்றிப் பங்கு போட்டுக்கொள்கின்றன. அவர்கள் நெட்டைத் திட்டுவதில் ஓரளவு நியாயம் உண்டு.

யார் பக்கம் தவறு என்று கண்டுபிடிக்க எந்த மென்பொருளும் வேண்டாம். அதே கோப்பை முதலில் டெஸ்க்டாப்பில் காப்பி செய்யுங்கள். பிறகு அங்கிருந்து அட்டாச் செய்யுங்கள். காப்பி ஆகவே நேரம் பிடித்தால் கோளாறு சர்வரிலோ கேபிளிலோ. காப்பி சட்டென்று ஆகி, டெஸ்க்டாப்பிலிருந்து இணைப்பதும் இழுத்தால் கோளாறு மெயில் மென்பொருளில். இரண்டுமே வேகமாக நடந்து, சர்வரிலிருந்து நேராக எடுக்கும்போது மட்டும் தொங்கினால், தாமதம் அந்தத் தேர்ந்தெடுக்கும் ஜன்னலில் இருக்க வாய்ப்பு அதிகம். சிஸ்டம் ஆள் வந்ததும் விண்டோஸை ஃபார்மட் போடலாமா என்று கேட்டால், இந்தச் சோதனையைச் செய்தாரா என்று திருப்பிக் கேளுங்கள்.

“பெரிய ஃபைல் சார், நேரம் ஆகத்தான் செய்யும்”

கணக்கு போட்டுப் பார்ப்போம். 100 எம்பிபிஎஸ் என்பதில் இருப்பது பிட். கோப்பை அளப்பது பைட்டில். எட்டால் வகுத்தால் விநாடிக்கு 12.5 எம்பி. ஆகவே 40 எம்பி கோப்பு பழைய 100 எம்பிபிஎஸ் லேனிலேயே நாலைந்து விநாடியில் வந்துவிட வேண்டும். ஜிகாபிட் லேனில் அரை விநாடிகூட ஆகாது. ஒரு நிமிடம் ஆகிறதென்றால் மீதி நேரம் எதற்கோ காத்திருப்பதில் போகிறது.

அந்தக் காத்திருப்புக்கு அடிக்கடி காரணமாக இருப்பது, இப்போது உயிரோடே இல்லாத ஒரு சர்வர். இரண்டு வருடம் முன்பு பழைய சர்வரை மாற்றினார்கள். புதியதற்கு இசட் டிரைவ் என்று பெயர் வைத்தார்கள். பழைய எக்ஸ் டிரைவைக் கழற்ற யாருக்கும் நினைவில்லை. சிவப்புப் பெருக்கல் குறியோடு அது ஓரமாக நிற்கிறது. ‘குவிக் ஆக்சஸ்’ பட்டியலிலும் அந்தப் பழைய சர்வரின் ஃபோல்டர் ஒன்று பின் குத்தப்பட்டு இருக்கிறது. அட்டாச் ஜன்னல் திறக்கும்போது விண்டோஸ் இவற்றையும் போய் விசாரிக்கிறது. முகவரியில் ஒரு கம்ப்யூட்டர் இருந்து, “அப்படி ஒரு ஃபோல்டர் இங்கே இல்லை” என்று பதில் சொன்னால் வேலை நொடியில் முடிந்துவிடும். அங்கே யாருமே இல்லாதபோதுதான் சிக்கல். பதில் வராததால் விண்டோஸ் சற்றுப் பொறுத்து மறுபடி கேட்கும், இன்னும் பொறுத்து இன்னொரு முறை கேட்கும். இருபது விநாடிகூட இப்படிப் போகும். இப்படிப்பட்ட இணைப்புகள் ஒன்றுக்கு மேல் இருந்தால் அத்தனைக்கும் காத்திருக்க நேரலாம். கோப்பு 40 எம்பியா 40 கேபியா என்பது இதில் பொருட்டே இல்லை.

கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ‘நெட் யூஸ்’ என்று அடித்தால் இணைக்கப்பட்ட டிரைவ்கள் எல்லாம் வரிசையாக வரும். ‘டிஸ்கனெக்டட்’ என்று இருப்பதைக் கண்டு பதற வேண்டாம். சும்மா இருக்கும் தொடர்பை விண்டோஸ் சர்வர் சுமார் 15 நிமிடத்தில் துண்டிப்பது வழக்கம், தொட்டவுடன் திரும்ப ஒட்டிக்கொள்ளும். ‘அன்அவைலபிள்’ என்று இருப்பதுதான் சந்தேகத்துக்குரியது. யாரும் பயன்படுத்தாததைக் கழற்றிவிடுங்கள், குவிக் ஆக்சஸில் பின் குத்தியதையும் எடுத்துவிடுங்கள். பைசா செலவில்லாத இந்த வைத்தியத்தைத்தான் கடைசியில் செய்கிறார்கள்.

இதன் தம்பி ஒருவன் உண்டு. காலையில் முதல் அட்டாச்மென்ட் மட்டும் பத்துப் பதினைந்து விநாடி தொங்கி, பிறகு நாள் முழுக்க ஒழுங்காக நடக்கிறதா? சர்வர் இடத்தில் நாஸ் எனப்படும் சின்ன நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி வைத்திருப்பீர்கள். மின்சாரம் மிச்சம் பிடிக்க அதன் ஹார்ட் டிஸ்க் சுழலாமல் தூங்கியிருக்கும். எழுந்து சுழல நேரம் எடுக்கிறது.

“எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல வெச்சாதான் தேட ஈஸி”

ஸ்கேன் செய்த பில்கள் எட்டாயிரம் ஒரே ஃபோல்டரில். காட்சி ‘லார்ஜ் ஐகான்ஸ்’. ஒவ்வொரு சிறுபடத்துக்கும் விண்டோஸ் அந்தக் கோப்பை லேன் வழியே எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ‘டீட்டெய்ல்ஸ்’ காட்சிக்கு மாற்றினாலே வித்தியாசம் தெரியும். வருடவாரியாக, கட்சிக்காரர்வாரியாகப் பிரித்து வைத்தால் இன்னும் நல்லது.

“வீட்டுல 200 எம்பி லைன், விபிஎன் போட்டாலும் பறக்கணுமே”

ஆபீஸ் சர்வரை வீட்டிலிருந்து விபிஎன் வழியே திறப்பவர்கள் கேட்கும் நியாயமான கேள்வி. பதில் அகலத்தில் இல்லை, தூரத்தில் இருக்கிறது. விண்டோஸ் கோப்புகளைப் பகிர்வது எஸ்எம்பி என்ற நெறிமுறையில். 1980களில் ஐபிஎம்மில் பாரி ஃபைகன்பாம் உருவாக்கியது அது. ஒரே கட்டடத்துக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்களை மனதில் வைத்துப் பிறந்தது. ஆகவே நிறையப் பேசும். ஃபோல்டரைத் திற, பட்டியல் கொடு, இந்தக் கோப்பின் அளவு என்ன, தேதி என்ன, திறக்க எனக்கு அனுமதி உண்டா என்று ஒவ்வொன்றையும் கேட்டு, பதில் வந்த பிறகு அடுத்ததைக் கேட்கும். மளிகைக் கடைக்குப் பையனை மிளகாய்க்கு ஒரு நடை, மல்லிக்கு ஒரு நடை, புளிக்கு ஒரு நடை என்று அனுப்புவது போல. தெருவை அகலப்படுத்தினால் அவன் சீக்கிரம் திரும்பிவிட மாட்டான்.

எண்ணில் சொன்னால், ஆபீஸ் லேனில் ஒரு போக்குவரத்துக்கு ஒரு மில்லி விநாடிக்கும் குறைவு. விபிஎன்னில் அது 40 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்வோம். 500 முறை கேட்டுப் பதில் வாங்க ஆபீஸில் அரை விநாடி போதும். வீட்டில் 20 விநாடி. உங்கள் 200 எம்பி லைன் இந்த நேரமெல்லாம் சும்மா படுத்திருக்கும். 2007இல் விஸ்டாவோடு பரவலான எஸ்எம்பி 2, பல கேள்விகளை ஒன்றாகக் கட்டி அனுப்பக் கற்றுக்கொண்டு இதைப் பெருமளவு குறைத்தது, தீர்த்துவிடவில்லை. விபிஎன்னில் இருப்பவர் கோப்பை முதலில் தன் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்துகொள்வதே நல்லது. ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு ரிமோட் டெஸ்க்டாப்பில் போய் அங்கிருந்தே மெயில் அனுப்புவது அதைவிட நல்லது.

“கேபிள்லாம் புதுசு, ஜிகாபிட்”

கேபிளின் மேல் அச்சடித்திருப்பதை நம்பாதீர்கள். உள்ளே நாலு ஜோடிக் கம்பிகள் உண்டு. ஜிகாபிட்டுக்கு நாலும் வேண்டும். 100 எம்பிபிஎஸ்சுக்கு இரண்டு போதும். மீதி இரண்டில் ஒரு ஜோடியை எலி கடித்துவிட்டாலோ, கிரிம்ப் செய்தவர் அவற்றில் ஒரு கம்பியைச் சரியாக அழுத்தாமல் விட்டாலோ தொடர்பு முழுக்க அறுந்துவிடாமல், ஓசையில்லாமல் 100க்கு இறங்கிக்கொள்ளும். யாருக்கும் தெரியாது. மேசை மேலிருக்கும் ஐபி ஃபோன் வழியாகக் கம்ப்யூட்டருக்குக் கேபிள் இழுத்திருந்தால் அதையும் பாருங்கள். பழைய ஃபோன்கள் பலவற்றில் 100க்கு மேல் வழியே கிடையாது. நெட்வொர்க் செட்டிங்கில் லிங்க் ஸ்பீட் 1000 என்று காட்டுகிறதா 100 என்று காட்டுகிறதா என்று பார்க்க அரை நிமிடம் ஆகும்.

“ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணு, எஸ்எம்பி 1-ஐ ஆன் பண்ணு”

துளி உண்மை உள்ள நம்பிக்கைகளில் ஆபத்தானவை இவை. ஆன்டிவைரஸ் தாமதப்படுத்தும் என்பது மெய்தான். ஒரே கோப்பை சர்வரில் ஒரு முறை, உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு முறை, மெயில் மென்பொருளில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஆட்-இன் ஒரு முறை என்று மூன்று தடவை சோதிக்கும் ஆபீஸ்கள் உண்டு. அதைச் சரிசெய்வது அமைப்பைப் பார்த்துக்கொள்பவரின் வேலை. எது எங்கே சோதிக்க வேண்டும் என்று அவர் தீர்மானிக்க வேண்டும். மொத்தமாக அணைப்பது வைத்தியமில்லை.

எஸ்எம்பியின் பழைய பதிப்பான எஸ்எம்பி 1 விஷயத்தில் எனக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது. பழைய ஸ்கேனரோ நாஸ் பெட்டியோ கேட்கிறது என்பதற்காக அதை உயிர்ப்பிக்கிறார்கள். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் தீநிரல் நுழைந்தது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதே ஆண்டு மார்ச்சிலேயே வந்திருந்தும் போடாதவர்கள் மாட்டினார்கள். போதாக்குறைக்கு எஸ்எம்பி 1, எஸ்எம்பி 2-ஐவிட மெதுவானது.

‘ரிமோட் டிஃபரன்ஷியல் கம்ப்ரெஷன்’ டிக்கை எடுத்தால் பறக்கும் என்பார்கள். சாதாரணமாகக் கோப்பு காப்பி செய்யும்போது விண்டோஸ் அதைத் தொடுவதே இல்லை. ‘விண்டோஸ் 20 சதவீத வேகத்தைத் தனக்கென ஒதுக்கி வைத்திருக்கிறது’ என்பது எக்ஸ்பி காலத்து வதந்தி, மைக்ரோசாஃப்டே மறுத்துவிட்டது.

“பழைய மெயிலெல்லாம் சர்வர்ல இருக்கு, பத்திரம்”

அவுட்லுக் மெயில்களைச் சேமித்து வைக்கும் பிஎஸ்டி கோப்பை ஷேர்டு டிரைவில் வைத்து அங்கிருந்தே அவுட்லுக்கை ஓட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். உங்கள் மெயில் கணக்கு அந்த பிஎஸ்டியில்தான் சேமிக்கிறது என்றால், அட்டாச் செய்யும் கோப்பு சர்வரிலிருந்து உங்களிடம் வந்து, டிராஃப்டோடு சேர்ந்து மறுபடி சர்வருக்கே எழுதப் போகிறது. அனுப்பிய பிறகு ‘சென்ட் ஐட்டம்ஸ்’க்காக இன்னொரு முறை. நடுவில் லேன் ஒரு கணம் அறுந்தால் பிஎஸ்டியே கெட்டுப்போகலாம். பிஎஸ்டியை நெட்வொர்க் டிரைவில் வைத்துப் பயன்படுத்துவதை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை. பத்திரம் வேண்டுமென்றால் கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொண்டு, அவுட்லுக்கை மூடிய பிறகு நகலை சர்வருக்கு அனுப்புங்கள்.

“ஜிப் பண்ணி அனுப்பு, சின்னதாயிடும்”

டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் இரண்டும் உள்ளுக்குள் ஏற்கெனவே ஜிப்தான். ஜேபெக்கும் ஸ்கேன் பிடிஎஃப்பும் முன்பே அழுத்தப்பட்டவை. மீண்டும் அழுத்தினால் பெரிதாக எதுவும் குறையாது. நூறு சின்னக் கோப்புகளை ஒன்றாகக் கட்டி அனுப்ப ஜிப் சௌகரியம், அவ்வளவே.

மெயிலில் ஏறும்போது கோப்பு பெருக்கத்தான் செய்கிறது. 1982இல் வகுக்கப்பட்ட எஸ்எம்டிபி வெறும் எழுத்துகளை மட்டுமே சுமக்கத் தெரிந்தது. படமும் ஒலியும் அனுப்ப 1992இல் நதானியேல் போரன்ஸ்டைனும் நெட் ஃபிரீடும் மைம் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். அதில் மூன்று பைட்டை நாலு எழுத்தாக மாற்றி அனுப்புவார்கள். வரி முறிப்புகளையும் சேர்த்தால் அளவு ஏறக்குறைய 37 சதவீதம் கூடும். பெறுபவரின் சர்வர் முழுச் செய்தியும் 25 எம்பிக்குள் இருக்க வேண்டும் என்று வைத்திருந்தால், 20 எம்பி கோப்பு 27ஆகி வாசலிலேயே திரும்பிவிடும். 18 எம்பிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே ஆபீஸில் இருப்பவருக்கு அனுப்புவதானால் அட்டாச் செய்யவே தேவையில்லை. கோப்பு இருக்கும் இடத்தின் பாதையை ஒட்டினால் போதும். ‘இசட்’ என்று தொடங்கும் பாதையை மட்டும் ஒட்டாதீர்கள். உங்கள் இசட் அவருக்கு ஒய்யாக இருக்கலாம். சர்வர் பெயரிலிருந்து தொடங்கும் முழுப் பாதையை எடுங்கள். ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருந்தால் இணைப்பு அந்த இடத்தோடு அறுந்துபோகும். பாதை முழுவதையும் கோண அடைப்புக்குறிக்குள் போட்டால் அவுட்லுக் அதை ஒரே இணைப்பாக எடுத்துக்கொள்ளும்.