கடைசி இராத்திரியின் மகிமை என்னும் பொய்

"நெருக்கடி வந்தால்தான் எனக்கு வேலை ஓடும், கடைசி ராத்திரியில்தான் என் மூளை விழித்துக்கொள்ளும்" என்ற பேச்சை, மனோதத்துவம் போதிப்பதைத் தொழிலாகக் கொண்ட நான், மாணாக்கரிடமும், அவர்களைப் பெற்றவரிடமும், அதைக் கண்டிக்கக் கடமைப்பட்ட சக ஆசிரியரிடமும் ஓயாமல் கேட்டு வருகிறேன். தன்னைச் சோம்பேறி என்று ஒருவன் சொல்லிக்கொள்ளும்போது அதில் கொஞ்சம் வெட்கமாவது கலந்திருக்கும். இந்தப் பேச்சிலோ பெருமிதம் ஒன்றுதான் தொனிக்கிறது. தாமதத்தைக் குறையென்று ஒப்புக்கொள்ளாமல் மேதாவிலாசத்தின் லட்சணமாகவே ஆக்கிக் காட்டுகிற இந்த அபிப்பிராயம், காரியங்களை ஒத்திப்போடும் வழக்கத்தைப் பற்றி ஜனங்களிடையே நிலவும் தவறான நம்பிக்கைகள் அனைத்திலும் மிகவும் கேடானது என்பது என் முடிவு. ஆகையால் என் கோபத்தின் பெரும்பங்கை அதற்கே ஒதுக்குகிறேன்.

செய்முறைப் பரீட்சைக்கு முந்திய இரவில் எந்தக் கல்லூரி விடுதிக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். பருவம் முழுவதும் வாரம் ஒன்றாக எழுதியிருக்க வேண்டிய ரெக்கார்டு நோட்டை ஒருவன் ஒரே மூச்சில் எழுதிக்கொண்டிருப்பான். எதிரில், முன்பே முடித்துக் கையெழுத்தும் வாங்கிவிட்ட நண்பனுடைய நோட்டு விரிந்து கிடக்கும். கோடு போட்ட வலப்பக்கத்தில் செய்முறை விவரம் ஓடுகிறது. இடப்பக்கத்து வெள்ளைத் தாளில் பென்சிலால் மின்சுற்றுப் படம் உருவாகிறது. தொடரில் இருக்க வேண்டிய அம்மீட்டரை அவன் தடைக்கு இணையாக வரைந்துவிடுகிறான். அப்படி இணைத்தால் கருவியே எரிந்துபோகும் என்பதை நினைத்துப் பார்க்க அவனுக்கு அவகாசமில்லை. அட்டவணையில் ஓரிடத்தில் தசமப்புள்ளி நகர்ந்துவிடுகிறது. விடையை மட்டும் நண்பனுடைய நோட்டிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்வதால், கணக்குக்கும் விடைக்கும் சம்பந்தமில்லாமல் போகிறது. காலையில் வரிசையில் நின்று கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே வந்து, "ஒரே ராத்திரியிலே முடிச்சுட்டேன், சார்" என்கிறான். எதை முடித்தான்? பார்த்து எழுதும் வேலையை முடித்தான். படிப்பு அப்படியேதான் நிற்கிறது.

இதற்குப் பிரமாணம் வேண்டுவோருக்கு, டயேன் டைஸ், ராய் பௌமைஸ்டர் என்னும் இரு அமெரிக்க அறிஞர் 1997-இல் வெளியிட்ட ஆராய்ச்சியைச் சொல்வேன். கல்லூரி மாணாக்கரைப் பருவத்தின் தொடக்கம் முதல் முடிவு வரை தொடர்ந்து கவனித்து, அவர்களுடைய மனக்கலக்கத்தையும் தேக அசௌக்கியத்தையும் மதிப்பெண்ணையும் அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தொடக்கத்தில், ஒத்திப்போடும் சுபாவமுடையவர்களே கவலையின்றியும் நோயின்றியும் இருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் கெடு நெருங்க நெருங்க நிலைமை தலைகீழாயிற்று. முன்பு அனுபவித்த சுகத்தைக் காட்டிலும் பின்பு பட்ட அவஸ்தை அதிகமாக இருந்ததோடு, மதிப்பெண்ணிலும் அவர்கள் பின்தங்கினார்கள். கடைசி நேரத்தில் மூளை கூர்மையடைவது மெய்யானால், அந்தக் கூர்மை விடைத்தாளில் தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

2002-இல் டான் ஏரியலி, கிளாஸ் வெர்டன்பிராக் என்ற இருவர் வெளியிட்ட சோதனை இதைவிட நேரடியானது. 60 பேரிடம் பிழைகள் மலிந்த மூன்று பிரதிகளைத் தந்து திருத்தச் சொன்னார்கள். கண்டுபிடிக்கும் ஒவ்வொரு பிழைக்கும் கூலி, தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் அபராதம் என்பது ஏற்பாடு. ஒரு பிரிவினர் வாரத்துக்கு ஒரு பிரதி தர வேண்டும். ஒரு பிரிவினர் தங்களுக்குத் தாங்களே தவணை குறித்துக்கொள்ளலாம். மற்றொரு பிரிவினர் மூன்றையும் மூன்று வாரத்தின் முடிவில் ஒருங்கே தந்தால் போதும். நெருக்கடியின் மகிமையைப் பாடுவோரின் கூற்றுப்படி கடைசிப் பிரிவினரல்லவா வென்றிருக்க வேண்டும்? மிகக் குறைவாகப் பிழை கண்டவர்களும், மிக அதிகமாகத் தாமதித்தவர்களும் அவர்களேதாம். வாரத் தவணைக்காரர் முதலிடம் பெற, தாங்களே தவணை குறித்துக்கொண்டவர்கள் நடுவில் நின்றார்கள்.

சற்றுப் படித்தவர்கள் இந்த இடத்தில், ஓரளவு பதற்றம் செயல்திறனை உயர்த்தும் என்று யெர்க்ஸும் டாட்ஸனும் 1908-இலேயே காட்டிவிட்டார்களே என்று வாதிக்க வருவார்கள். அது எலிகளைக் கொண்டு நடத்திய சோதனை என்பது ஒருபுறமிருக்க, அதன் முடிவின் பிற்பாதியை இவர்கள் படிப்பதே இல்லை. கற்க வேண்டிய விஷயம் கடினமாகும்போது, மிதமான தூண்டுதலே உதவிற்று; கடுமையான தூண்டுதல் கற்றலைக் கெடுத்தது. துணி மடிப்பதற்கு நெருக்கடி துணைசெய்யக் கூடும். ஆய்வேடு எழுதுவதற்கு அது சத்துரு.

அப்படியானால் இந்தப் பொய் இவ்வளவு காலம் உயிர் வாழ்வானேன்? கடைசி இரவில் எழுதியவனிடம் முன்கூட்டியே எழுதிய பிரதி ஒன்று இல்லை. ஆகவே தான் இழந்தது இன்னதென்று அவன் ஒருபோதும் அறிவதில்லை. காரியம் எப்படியோ முடிந்தவுடன் உண்டாகும் நிம்மதியையே திறமையின் நிரூபணமாக எடுத்துக்கொள்கிறான். கடைசி நேரத்தில் உண்மையிலேயே மாறுவது ஒன்று உண்டு. தொடங்கப் பயந்துகொண்டிருந்தவனுக்கு, தொடங்காமலிருப்பது அதைவிடப் பயங்கரமாகிவிடுகிறது. ஒரு பயத்தை வேறொரு பயம் துரத்துகிறது, அவ்வளவுதான். ஃபூஷியா சிரோயிஸும் டிமதி பிச்சிலும் 2013-இல் எழுதிய கட்டுரையில், ஒத்திப்போடுதல் என்பது வெறும் நேர நிர்வாகக் கோளாறல்ல, சலிப்பும் அச்சமும் தரும் காரியத்திலிருந்து தற்காலிகமாகத் தப்பி, அந்தக் கணத்து மனநிலையைச் சீர்செய்துகொள்ளும் முயற்சி என்று விளக்கியிருக்கிறார்கள். என் வகுப்பறை அனுபவமும் அதையே சொல்கிறது.

மெட்டைக் கேட்ட மாத்திரத்தில் பாட்டுச் சொன்ன கண்ணதாசனை உதாரணம் காட்டாதவர் இல்லை. விரைவு வேறு, தாமதம் வேறு. கம்பனிலும் சித்தர் பாடல்களிலும் ஊறித் திளைத்த ஒருவர் அரைமணியில் எழுதினார் என்றால், அந்த அரைமணிக்குப் பின்னே பல்லாண்டுப் பயிற்சி இருந்தது. முந்திய இரவு பாடப் புத்தகத்தைப் பிரிப்பவனுக்கு அந்த உதாரணம் பொருந்தவே பொருந்தாது.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு உழைப்புத் தேவையில்லை. ஒத்திப்போடுபவன் சோம்பேறி என்கிறார்கள். பரீட்சைக்குப் படிக்க வேண்டியவன் அலமாரியைத் துடைத்து அடுக்குவதைப் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார். வள்ளுவரே மடியின்மை அதிகாரத்தில் காலம் நீட்டித்தலையும் சோம்பலையும் வெவ்வேறாக எண்ணி வைத்திருக்கிறார். பூரணத்துவத்தை விரும்புகிறவனே தாமதிக்கிறான் என்பது சுகமான சமாதானம். பியர்ஸ் ஸ்டீல் 2007-இல் பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது இரண்டுக்கும் சொல்லத்தக்க தொடர்பு தென்படவில்லை. திட்டினால் திருந்துவான் என்று நம்பும் பெற்றோர், கனடாவில் முதலாண்டு மாணாக்கரிடம் நடத்தி 2010-இல் வெளியான ஆராய்ச்சியைக் கேட்க வேண்டும்: முதல் பரீட்சைக்குத் தாமதித்ததற்காகத் தம்மைத் தாமே மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த பரீட்சைக்குக் குறைவாகவே தாமதித்தார்கள். வண்ணப் பென்சிலால் கால அட்டவணை போடுவது பற்றி, அதுவே பல சமயங்களில் ஒத்திப்போடுதலின் ஒரு ரூபம் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பரிகாரம் உண்டா என்றால், உண்டு. பீட்டர் கோல்விட்ஸரும் வெரோனிகா பிராண்ட்ஸ்டேட்டரும் ஜெர்மானிய மாணாக்கரிடம், கிறிஸ்துமஸ் இரவைக் கழித்த விதத்தை 48 மணி நேரத்துக்குள் எழுதி அனுப்பச் சொன்னபோது, எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதப் போகிறோம் என்பதை முன்கூட்டியே குறித்துக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் குறித்தபடி எழுதினார்கள்; வெறுமனே எழுதுவதாக எண்ணியிருந்தவர்களில் சுமார் மூன்றிலொருவரே எழுதினார். ஆகவே "நாளை படிப்பேன்" என்று சொல்லாதீர்கள். "நாளை இரவு சாப்பாடு முடிந்ததும், கூடத்து மேஜையில், மூன்றாம் பாடத்தின் முதல் இரண்டு பக்கம்" என்று சொல்லுங்கள். தொடங்கும் காரியம் எவ்வளவு சிறிதாக இருக்கிறதோ, அதன்மேல் உள்ள அச்சமும் அவ்வளவு சிறுத்துவிடும்.

ஆனால் முழுப் பாரத்தையும் பிள்ளைகள் தலையில் சுமத்துவது நியாயமல்ல. பருவம் முழுவதும் கேள்வி கேட்காமல் இருந்துவிட்டுப் பரீட்சைக்கு முன்னாள் நோட்டுக்களைக் குவித்து வைத்துக்கொண்டு கையெழுத்திடுகிற நம்முடைய சம்பிரதாயம்தான், கடைசி இரவில் எல்லாம் ஆகும் என்பதை அவர்களுக்கு ஆண்டுதோறும் கற்பிக்கிறது. பத்துச் சோதனைக்குப் பத்துத் தவணை என்பது எந்தக் கல்லூரிக்கும் செலவு வைக்காத சீர்திருத்தம். அதற்குப் பல்கலைக்கழக உத்தரவு வேண்டியதில்லை, ஆசிரியரின் பேனா போதும். ஆசிரியப் பெருமக்களே, வருகிற பருவத்தில் முதல் சோதனை முடிந்த மறுவாரமே ரெக்கார்டு நோட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அம்மீட்டர் இடம் மாறியிருந்தால் அன்றே திருப்பிக் கொடுங்கள். பருவக் கடைசியில் ஒரே நாளில் மொத்தமாகக் கையெழுத்திட மறுத்துவிடுங்கள்.